பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு பாக்கெட்

புகை பிடிப்பவர்களை நான் இன்றும் மன்னிப்பதில்லை. பஸ் நிறுத்தத்தில் என் அருகே ஒருவர் தீக்குச்சியைக் கிழித்தால் போதும், எழுந்து நாலடி தள்ளிப் போய் நிற்பேன். போகும்போது அவர் காதில் விழும்படி ஏதாவது சொல்லாமல் போக மாட்டேன். இதற்காகவே என் மகள்கள் என்னோடு வெளியே வரத் தயங்குவார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். ஏறக்குறைய இரண்டு வருடங்கள் நான் வாரம் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கியிருக்கிறேன். வாங்கி, என் அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்த அறைக்குள் என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அப்பா வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேரு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடத்தில் அவருக்கு வேலை. மேலே வரிசை வரிசையாக ஷீட்டுகள் தொங்கும். கீழே ஈர விறகு புகைந்துகொண்டே இருக்கும். அவர் உள்ளே போய் விறகைத் தள்ளிவிட்டு, ஷீட்டுகளைத் திருப்பிப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியே வருவார். பிறகு மறுபடி உள்ளே போவார். இப்படி முப்பது வருடத்துக்கு மேல். எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவர் தலையிலிருந்து அந்த வாசம் போகாது. சிறு வயதில் எனக்கு அதுதான் அப்பாவின் வாசம். அது அவரை உள்ளே தின்றுகொண்டிருந்தது என்று எங்களுக்குச் சொல்ல அங்கே யாருமில்லை.

அம்மா போன பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், அவரைக் கோலாலம்பூருக்கு, பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்து வந்தேன். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. குவாட்டர்ஸில் ஓர் அறையும் ஒரு ஹாலும். ஹாலில் ஜன்னலோரமாக அப்பாவுக்கு ஒரு மடக்குக் கட்டில் போட்டோம். அதற்கு எதிரே என் கணவரின் நாற்காலி. வேலை விட்டு வந்ததும் அதில் உட்கார்ந்து, டிவியைப் போட்டு, பற்றவைப்பார். ஒன்று அணைய அடுத்தது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் இரும முயல்வார். சத்தம் வராமல் இருமுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முதுகு மட்டும் குலுங்கும்.

"வெளிய போய்ப் பிடிங்களேன்" என்பேன்.

"நாள் முழுக்க வேல செஞ்சிட்டு வரேன். என் வீட்ல நான் எங்க உக்காரணும்னு நீ சொல்லாத."

அதற்குள் அப்பா திரும்பிவிடுவார். "பரவால்ல மாப்ள. நீங்க பிடிங்க. எனக்குப் பழக்கந்தான்."

அந்தப் 'பரவால்ல' எனக்குக் கோபமூட்டும். யார் மேல் என்றுதான் தெரியாது.

ஒரு நாள் கிளினிக்கில் டாக்டர் அப்பாவின் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவர் இருக்கிற இடத்தில் புகை வாடையே இருக்கக் கூடாது, இருக்கிற நுரையீரலையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். என் கணவர் நான்கு நாள் வாசலில் நின்று பிடித்தார். ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நாற்காலிக்குத் திரும்பினார். அன்று நான் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். மறுநாள் காலை அப்பா, "என்ன எங்கியாச்சும் ஒரு ஹோம்ல விட்ருமா பாப்பா. உங்க ரெண்டு பேருக்கும் இடையில நான் எதுக்கு?" என்றார். நான் மறுத்தேன். ஒரு வாரம்தான் மறுத்தேன். அப்புறம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிடிக்கிறவர் வீட்டிலேயே இருந்தார். மூச்சு விட முடியாதவரை நான் வெளியே அனுப்பினேன். இதை எப்படிப் பூசி மெழுகினாலும் கடைசியில் இப்படித்தான் நிற்கிறது.

கிள்ளானைத் தாண்டி ஒரு பழைய பங்களாவில் நம்மவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய முதியோர் இல்லம் அது. தலைவர் கடை கண்ணி உள்ளவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. அறை அறையாகச் சுற்றிக் காட்டினார். "காத்தப் பாருங்கம்மா. உங்க கேயெல்ல கெடைக்குமா இது?" என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இங்கே யாராவது புகை பிடிப்பார்களா?

"சேச்சே, உள்ள யாரும் பிடிக்கிறது இல்ல. வேணும்னா ஒரு போர்டு போட்டுடலாம் லா."

சொல்லும்போதே அவர் சட்டைப் பைக்குள் ஒரு சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டு தெரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அப்பாவின் அறையில் நான்கு கட்டில்கள். அவருக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு காலத்தில் லோரி ஓட்டியவர். செலாயாங் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றியவராம். அறுபத்தைந்து வயதிலும் தோள் இறங்காத ஆள். முன்பெல்லாம் மூட்டை தூக்கிய கை. மற்ற இருவரும் எழுந்து நடமாடக்கூடியவர்கள், அவ்வளவுதான்.

அந்த இல்லத்தில் வேலைக்கு இருந்தவர்கள் இரண்டே பேர். சமையலுக்கு ஒரு பெண்மணி, துணி துவைக்கவும் கூட்டிப் பெருக்கவும் இன்னொரு பெண்மணி. ஆண்களைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் அவர்கள் வேலையில்லை. அதை அங்கேயிருந்த திடகாத்திரமானவர்கள் முடியாதவர்களுக்குச் செய்தார்கள். செய்தால் செய்வார்கள், இல்லையென்றால் இல்லை. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்கென்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தன் மாமனாரைப் பார்க்க வந்திருந்த ஓர் அக்கா. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பிஸ்கட்டும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு எல்லாக் கட்டிலுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"புதுசாம்மா நீங்க? பழமெல்லாம் வேணாம், ஈ மொய்க்கும். பக்கத்துக் கட்டில்காரருக்கு வாரம் ஒரு பாக்கெட் சிகரெட் குடுத்துடுங்க. உங்கப்பாவ தங்கமாப் பாத்துப்பாரு. எல்லாரும் அப்படித்தான் செய்றோம்."

எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். திதிக்குச் சாப்பாடு போட வருகிற குடும்பங்கள்கூட, செத்துப்போனவருக்குப் பிடிக்கும் என்று வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டையும் வைத்து ஆளுக்கு இரண்டு நீட்டினார்கள். அங்கே இருந்தவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் மட்டும் என்ன பெரிய மனுஷியா? அடுத்த ஞாயிறு கிள்ளான் பஸ்ஸுக்குப் போகும் வழியில், தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடையில் நின்றேன்.

"அண்ணனுக்கா அக்கா?" என்றார் கடைக்காரர், என் கணவரை நினைத்து.

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல? என்ன சிகரெட் என்று கேட்டபோது என் கணவர் பிடிக்கும் சிகரெட்டின் பெயரைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான்.

லோரிக்காரரிடம் பாக்கெட்டைக் கொடுத்து, "அங்கிள், அப்பாவ விட்டு எங்கயும் போயிடாதீங்க. பக்கத்துலயே இருந்து பாத்துக்குங்க" என்றேன். "பிடிக்கிறத மட்டும் வெளிய வச்சிக்குங்க" என்றும் சொன்னேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் இரண்டுக்கும் தலையை ஆட்டினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வாங்கியதற்கு மேலேயே செய்தார். அப்பாவைக் குழந்தை போலத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவார். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுவார். மூச்சு இழுத்தால் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தேய்ப்பார். சவரம்கூடச் செய்துவிடுவார். பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டில் இருந்தபோது அப்பா அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பெற்ற மகள் சொல்கிறேன், என்னால் அவ்வளவு செய்ய முடிந்ததில்லை.

இரண்டாவது மாதமோ என்னவோ, ஒரு ஞாயிறு நான் உள்ளே நுழைந்தபோது அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். என் காலடி கேட்டுக் கண்ணைத் திறந்து, எனக்குப் பின்னால் பார்த்தார்.

"மாப்ள வரலியா?"

"இல்லியேப்பா. ஏன்?"

"இல்ல, ரெண்டு மூணு நாளாவே மாப்ள வந்து பக்கத்துல உக்காந்த மாதிரியே இருக்கு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் அந்த வாசம் என் மூக்கில் ஏறியது. தலையணையில், போர்வையில், அப்பாவின் சட்டையில், எல்லாவற்றிலும் என் வீட்டு ஹாலின் வாசம். ஜன்னல் விளிம்பில் சாம்பல். அவர் எதை விட்டு ஓடி வந்தாரோ அதையே நான் பஸ் ஏறிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன்.

அந்த நிமிடமே எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம்தான். கோபம் வந்தால் அடுத்தவரைத் தேடுவது என் வழக்கம். நேராகத் தலைவரிடம் போனேன்.

"போர்டு போடுறேன்னீங்களே, எங்க?"

"செய்யலாம்மா. அவசரப்படாதீங்க. வயசானவங்க, அவங்களுக்கு வேற என்னம்மா சந்தோஷம் இருக்கு?"

"எங்கப்பாவுக்கு மூச்சு விடுறதுதான் சந்தோஷம். அது வேணாமா?"

வாயடைத்துப் போவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, கமிட்டியில் வைத்துப் பேசுவதாகச் சொன்னார். நான் விடவில்லை. மூன்று கமிட்டிக் கூட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். திதிக்கு வருகிறவர்கள் சிகரெட் கொண்டுவரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். ஒருவர் எழுந்து, தானமாக வருவதைத் தடுத்தால் பாவம் என்றார். இன்னொருவர் எனக்குப் புருஷன் கொடுமையோ என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார், எனக்குக் கேட்கும்படியாகவே. கடைசியில் தொல்லை தாங்காமல், போர்டை நீங்களே செய்து கொண்டுவாருங்கள் என்று தலைவர் சொன்னார்.

கொண்டுபோனேன். நான் வேலை பார்த்த ஆபீஸில் போர்டு எழுதுகிறவரைக் கெஞ்சி, தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும், சிவப்பு எழுத்தில். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் அதைப் போட்டு எடுத்துக்கொண்டேன். அதே பையில், போர்டுக்குப் பக்கத்தில், லோரிக்காரருக்கு உரிய அந்த வாரத்துப் பாக்கெட்டும் இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகும்போது இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்தன. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜெயித்த களிப்பில் இருந்தேன்.

போர்டைத் தலைவர் வரவேற்பு ஹாலில், சாமி படத்துக்குக் கீழே மாட்டினார். வருகிறவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போகிற இடம். அங்கே தங்கியிருப்பவர்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதேயில்லை. வெறும் கண்துடைப்பு. ஆனால் போட்டோ எடுத்தார்கள், நானும் நின்றேன்.

"உள்ள யாருப்பா பிடிக்கிறது?" என்று அப்பாவிடம் கேட்பேன்.

"யாரும் இல்ல பாப்பா. பரவால்ல."

அந்த வருடக் கடைசியில், மழைக்காலத்தில் ஒரு வேலை நாள். அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். சாரல் அடிக்கிறது என்று அறையின் ஜன்னல்கள் எல்லாவற்றையும் சாத்தியிருந்தார்கள். கதவைத் தள்ளினால் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. மூன்று பேரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தலையணைகளில் சாய்ந்து, துண்டை மூக்கில் வைத்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிலின் விளிம்பில் லோரிக்காரர். ஒரு கையால் அப்பாவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்றொரு கையில் நான் கொடுத்த சிகரெட்.

நான் பேசியதையெல்லாம் எழுத மாட்டேன். மனுஷனா நீ என்று கேட்டேன். சமையல்காரப் பெண்மணி கரண்டியோடு ஓடிவந்து பார்த்தார். அந்த மனிதர் சிகரெட்டை அணைத்தார். எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"பக்கத்துலயே இருந்து பாத்துக்கன்னு நீதானம்மா சொன்ன. நான் வெளிய போயி பிடிச்சா, இந்த மழையில உங்கப்பா கூப்புட்டா எனக்கு எப்படிக் கேக்கும்? போன வாரம் அப்படித்தான் போனேன். வந்து பாக்குறேன், மூஞ்சி நீலமாயிருக்கு. அதிலேர்ந்து நான் இந்தக் கட்டில விட்டு நவுர்றதில்ல."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்த கூலிக்கு நான் கேட்ட வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். கூலியை எங்கே வைத்துத் தின்றார் என்பதுதான் என் சண்டை.

அப்பா துண்டை எடுத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "அவர ஏசாத பாப்பா. அவரு போயிட்டா என்ன யாரு தூக்குவா?"

அன்றோடு சிகரெட்டை நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு லோரிக்காரருக்கு ஒரு டின் பிஸ்கட்டும் ஒரு நல்ல சட்டைத் துணியும் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறு நான் போனபோது அவர் கட்டில் மாறிவிட்டிருந்தது. எதிர் அறையில் ஒரு கண் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருந்தார். கண் தெரியாதவரின் வீட்டிலிருந்து சிகரெட் கொண்டுவந்து கொடுப்பவர்கள் இருந்தார்கள். லோரிக்காரரைப் பின்தொடர்ந்து மற்ற இருவரும் பிடிக்க அங்கேயே போய்விட்டார்கள். அப்பாவின் அறையில் காற்று அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு, நான் நினைத்த இடம் இதுதான் என்று நின்றேன். திரும்பிப் பார்த்தால் அப்பாவின் வேட்டி நனைந்திருந்தது. எப்போது நனைந்ததோ தெரியவில்லை, ஓரங்கள் காய்ந்து போயிருந்தன. தாடி வளர்ந்திருந்தது. காலையிலிருந்து யாரையும் கூப்பிடவில்லையாம். "எல்லாருக்கும் வேல இருக்கும்ல" என்றார்.

மூன்றாவது வாரம் தானே எழுந்து குளியலறைக்குப் போகப் பார்த்து விழுந்தார். நெற்றியில் தையல். இடுப்பில் அடி. விழுந்த இடத்திலேயே கிடந்திருக்கிறார்; கூப்பிட மூச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்த பெண்மணிதான் பார்த்திருக்கிறார்.

நான் தலைவரிடம் போய், பகலில் ஓர் ஆண் உதவியாளரையாவது போடுங்கள், நானும் ஒரு பங்கு தருகிறேன் என்று கேட்டேன். வேலைக்கு ஆள் வைத்தால் சேவை என்கிற பெயர் போய்விடும் என்றார். வேறு இல்லம் தேடினேன். ஒன்றில் இடமில்லை. இன்னொன்றில் வாசலிலேயே நான்கு கிழவர்கள் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருவதைப் பற்றி என் கணவரிடம் பேச்செடுத்தேன். "வரட்டும், நானா வேணாங்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து தீப்பெட்டியைத் தேடினார்.

அந்த ஞாயிறு மாமாக் கடையில் மறுபடி நின்றேன். "என்னக்கா, அண்ணன் விட்டுட்டாருன்னு நெனச்சேன்" என்றார் கடைக்காரர்.

பாக்கெட்டைக் கைப்பைக்கு அடியில் வைத்து, அதன் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிக்கொண்டு போனேன். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று. அவர் கட்டிலில் சாய்ந்தபடி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பிளாஸ்டர்.

"வாங்கிட்டு வந்தியா பாப்பா?"

எடுத்துக் காட்டினேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டு, எதிர் அறையைப் பார்த்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து லோரிக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்ததும் தன் கையாலேயே கொடுத்தார். சாயங்காலத்துக்குள் கட்டில் மாற்றியாகிவிட்டது. நான் கிளம்பும்போது அப்பா குளித்து, சவரம் செய்து, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். லோரிக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்து, புகையை வெளியே ஊத முயன்றுகொண்டிருந்தார். காற்று அதை உள்ளேயே தள்ளியது.

அதன் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் நான் நிறுத்தவேயில்லை. கமிட்டிக் கூட்டங்களுக்கும் போகவில்லை. என்ன முகத்தோடு போவது? ஒவ்வொரு ஞாயிறும், "எப்படிப்பா இருக்கு?" என்பேன். "பரவால்ல" என்பார். அடுத்த வருட மழைக்கு முன்னால், கிள்ளான் ஆஸ்பத்திரியில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு நாள் அவர் சுவாசித்ததுதான் சுத்தமான காற்று. அதையும் உருளையில் அடைத்துத்தான் கொடுத்தார்கள்.

காரியம் முடிந்து இல்லத்தில் சாப்பாடு போட்டோம். தலைவர், உங்கள் அப்பா பெயரில் ஆளுக்கு இரண்டு சிகரெட் வைத்துவிடலாமா என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் அத்தோடு நிறுத்திக்கொண்டார். லோரிக்காரர் மட்டும் இலையில் உட்காரவில்லை. அப்பாவின் கட்டிலைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு இரண்டு வருடம் கழித்து என் கணவருக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர், இனி ஒன்று பிடித்தாலும் நான் பொறுப்பில்லை என்றார். கிளினிக் வாசலிலேயே பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தொடவேயில்லை. ஹாலுக்கு வெள்ளையடித்தோம். மடக்குக் கட்டில் இருந்த ஜன்னலோரம் இப்போது அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டார், காற்று வருகிறதென்று.

ஒரு நாள் அவரிடம் கேட்டே விட்டேன். "இவ்ளோ சுலபமா விட முடியும்னா, அப்பா இங்க இருந்தப்ப ஏன் விடல?"

அவர் யோசித்தார். ஏமாற்றவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

"அவருதான் பரவால்லன்னு சொன்னாரே" என்றார்.

அவரைத் திட்ட வாயெடுத்தேன். அப்பா அப்படித்தான் சொன்னார். வாரா வாரம் என்னிடமும் அதையேதான் சொன்னார். நானும் அதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.